விளக்கு எரியுமுன்

செய்த குற்றத்துக்காக மனிதனைத் தண்டிக்க உலகத்தில் எத்தனையோ சட்டங்கள் இருக்கின்றன. பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் இருந்த குற்றத்துக்குத் தண்டனை சொல்லும் சட்டங்கள் மிகச் சில. அந்தக் குற்றத்தைச் செய்தவனும் தன்னைக் குற்றவாளி என்று நினைப்பதில்லை. "எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே! சொன்ன உடனே ஓடி வந்தேனே!" என்பான். அவன் சொல்வது பொய் அன்று. சொன்ன உடனே ஓடித்தான் வந்திருப்பான். ஆனால், சொல்லும் வரையில் திரும்பிப் பாராமல் இருந்தானே, அதற்கு என்ன பெயர் வைப்பது?

அபாயக் குரல் கேட்டதும் ஓடி வருகிறவன் பொறுப்புள்ளவன்தானா? குரல் எழுவதற்கு முன்பே போய்ப் பார்ப்பதுதான் பொறுப்பா? இந்தக் கேள்வியைப் பெரிய விஷயங்களில் வைத்துப் பேசினால் நமக்கு ஆவேசம் வந்துவிடுகிறது, சிந்தனை நின்றுவிடுகிறது. ஆகையால் மிகச் சிறிய காரியம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிற ஒருவன், தன் வண்டியின் என்ஜினில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் காரியம் அது.

"பணக்காரன் வீட்டு விளையாட்டுப் பொருளில் நமக்கு என்ன தருமம் கிடைக்கப் போகிறது?" என்று கேட்கலாம். மாட்டுவண்டியின் அச்சுக்கு மை போடுவதிலும் இதே தருமம் உண்டு. ஆனால் மாட்டுவண்டிக்காரன் மறந்தால் அச்சே கிறீச்சிட்டு நினைவூட்டிவிடும். ஸ்போர்ட்ஸ் கார் அப்படி அன்று. அது மகிழ்ச்சிக்கென்றே செய்த பொருள். மகிழ்ச்சி மிகுந்த இடத்தில்தான் மறதிக்கும் இடம் மிகுதி.

ஒரு குறிப்பிட்ட வண்டியையே வைத்துக்கொண்டு பேசுவோம். ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் நகரத்தில் செய்யும் போர்ஷே 911. 1963-இல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் இதை முதன்முதலாக வைத்தபோது 901 என்று பெயரிட்டிருந்தார்கள். நடுவில் பூஜ்யம் வரும் மூன்று இலக்கப் பெயர்கள் தங்களுக்கே உரியவை என்று பிரான்சு நாட்டுப் பெஜோ கம்பெனியார் ஆட்சேபம் செய்தார்கள். 1964-இல் பூஜ்யம் ஒன்றாக மாறியது. 911 என்ற பெயர் நிலைத்தது. அதன் என்ஜின் வண்டியின் பின்புறத்தில், பின்சக்கரங்களுக்கும் அப்பால் இருக்கிறது. பக்கத்துக்கு மூன்றாக ஆறு சிலிண்டர்கள் படுத்த நிலையில் அமைந்திருக்கின்றன. 1998 வரையில் வந்த பழைய வகை என்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் கிடையாது. விசிறி வீசும் காற்றும், உள்ளே ஓடும் எண்ணெயும்தான் அதைக் குளிர வைக்க வேண்டும். அதனால்தான் சாதாரணச் சிறிய காருக்கு நாலு லிட்டர் எண்ணெய் போதும் என்றால், தொடக்க காலத்து 911-க்கு ஏறக்குறைய 9 லிட்டர் வேண்டியிருந்தது.

எண்ணெய் உள்ளே என்ன செய்கிறது? "வழுவழுப்பாக்குகிறது" என்று சொல்லிவிடுவோம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியை இங்கிலாந்துக்காரர் ஒருவர் தற்செயலாகக் கண்டார். பீச்சம் டவர் என்ற எஞ்சினீயர், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் மேல்பக்கத்தில் ஒரு துளை போட்டார். தண்டு சுழலத் தொடங்கியதும், உள்ளே போக வேண்டிய எண்ணெய் அந்தத் துளை வழியாக மேலே பொங்கி வந்தது. மரத்தக்கை வைத்து அடைத்தார். தக்கை மெல்ல மெல்ல வெளியே தள்ளப்பட்டது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது, சதுர அங்குலத்துக்கு 200 ராத்தலுக்கும் மேற்பட்ட அழுத்தம் அங்கே இருப்பது தெரிந்தது. 1883-இல் அவர் இதை வெளியிட்டார். 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற அறிஞர் அதற்குக் கணித விளக்கம் தந்தார். சுழலும் தண்டு எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் சென்று குறுகிய இடைவெளியில் திணிக்கிறது. அப்போது அந்த எண்ணெய் ஆப்புப் போல நின்று, தண்டின் பாரம் முழுவதையும் தூக்கிக்கொள்கிறது என்பதே அந்த விளக்கம்.

எண்ணிப் பாருங்கள். நன்றாக ஓடும் என்ஜினில் தண்டும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. மயிரிழையிலும் பல மடங்கு மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று நடுவில் நின்று சுமக்கிறது. ஓட்டுகிறவனுக்கு என்ஜினின் முழக்கம் கேட்கிறது, வேகம் தெரிகிறது. சுமந்துகொண்டிருப்பது மட்டும் அவன் கண்ணுக்கும் தெரிவதில்லை, காதுக்கும் எட்டுவதில்லை.

சரி, அது குறைந்தால் எப்படித் தெரியும்? முகப்பில் சிவப்பு விளக்கு ஒன்று இருக்கிறது. எண்ணெய்க் கிண்டி போன்ற சிறு படம் அதில் இருக்கும். அந்த விளக்கை நம்பியே வாழ்நாள் முழுவதும் கார் ஓட்டிவிட்டுப் போகிறவர்கள் பலர். விளக்கு எரியவில்லை, ஆகையால் எண்ணெய் இருக்கிறது என்பது அவர்கள் கணக்கு.

கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. அந்தச் சிவப்பு விளக்கு எண்ணெயின் அளவைச் சொல்வது அன்று. எண்ணெயின் அழுத்தத்தைச் சொல்வது. அளவு பாதியாகக் குறைந்திருக்கலாம். பம்பு உறிஞ்சும் வாய் எண்ணெயில் மூழ்கியிருக்கும் வரையில் அழுத்தம் குறையாது, விளக்கும் எரியாது. ஒரு நாள் வளைவு ஒன்றில் வண்டி வேகமாகத் திரும்பும். மிச்சமிருக்கும் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். பம்பு காற்றை உறிஞ்சும். அப்போதுதான் விளக்கு கண் சிமிட்டும். எண்ணெய் குறைந்துகொண்டிருந்த நாட்களில் எல்லாம் அது பேசாமல் இருந்தது. எண்ணெய் போய்ச் சேராத கணத்தில்தான் பேசுகிறது. அந்தக் கணத்தில் உலோகம் உலோகத்தைத் தொடத் தொடங்கியிருக்கும். இன்றைய கார்கள் பலவற்றில் அளவுக்கென்று தனி எச்சரிக்கையும் உண்டு; அதைப் பற்றிப் பின்னால் பேசுவோம்.

"விளக்கு எரிந்த உடனே வண்டியை நிறுத்திவிட்டேன்" என்று ஒருவன் சொன்னால், அவன் செய்தது சரியே. ஆனால் அந்தச் சரியைச் செய்யும்போது காலம் கடந்திருக்கிறது. அழைப்புக்குப் பதில் சொல்வது ஒரு குணம். அழைப்பு வராதபோதே நினைப்பது வேறொரு குணம். முதல் குணம் இருப்பதாலேயே இரண்டாவதும் நம்மிடம் இருப்பதாக எண்ணிக்கொள்கிறோம். நம்முடைய பெரிய மயக்கம் இதுதான்.

பட்டணத்தில் வேலையாக இருக்கும் மகன் ஊரில் இருக்கும் தாயோடு தொலைபேசியில் பேசுகிறான். "உடம்பு எப்படி இருக்கிறது, அம்மா?" என்கிறான். "எனக்கு என்னடா, நன்றாகத்தான் இருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?" என்கிறாள் அவள். மகன் நிம்மதியாகப் பேச்சை முடிக்கிறான். அவள் பொய் சொல்லவில்லை. அன்றைய வேலையை அன்று செய்து முடித்தாள், அழுத்தம் குறையவில்லை. அளவு குறைந்திருக்கிறதா என்பதை அவள் சொல்ல மாட்டாள். அவளுக்கே தெரியாமலும் இருக்கலாம். நேரில் போய், அருகில் உட்கார்ந்து, அடுக்களையில் என்ன சமைத்திருக்கிறாள், மருந்துப் புட்டி எப்போது தீர்ந்தது, மாடிப்படி ஏறும்போது எத்தனை முறை நிற்கிறாள் என்று பார்க்கிறவனுக்குத்தான் அது தெரியும். தந்தி வந்ததும் முதல் ரயிலில் ஓடி வந்த மகன்களைப் பற்றி அந்தக் காலத்துக் கதைகளில் நிறையப் படித்திருக்கிறோம். ஊரே அவர்களைப் புகழும். தந்தி வராத மாதங்களில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

திருவள்ளுவர் மறவாமைக்கென்றே ஓர் அதிகாரம் வைத்தார். பொச்சாவாமை என்று அதற்குப் பெயர். மகிழ்ச்சி மிகுதியால் வரும் மறதி, அளவு கடந்த கோபத்தைக் காட்டிலும் தீயது என்பது அங்கே அவர் சொல்லும் கருத்து. முதலில் படிக்கிறவர்களுக்கு இது கொஞ்சம் மிகையாகத் தோன்றும். கோபக்காரன் அடிப்பான், உடைப்பான். மறதிக்காரன் என்ன செய்துவிட்டான் என்று கேட்கத் தோன்றும். ஆனால் கோபத்துக்குக் குரல் இருக்கிறது. எதிரில் நிற்பவன் ஒதுங்கிக்கொள்ளலாம். மகிழ்ச்சியில் பிறந்த மறதிக்குக் குரல் இல்லை. மலைப்பாதையில், காலைக் குளிரில், காலுக்கடியில் ஆறு சிலிண்டர்களும் கட்டளைக்குக் காத்திருக்க, வளைவுக்கு வளைவு வண்டியைச் செலுத்திக்கொண்டு போகிறவனுக்கு எண்ணெயின் நினைவு எங்கிருந்து வரும்? அவன் கெட்டவன் அல்லன். சந்தோஷமாக இருக்கிறான். அவ்வளவுதான்.

ஆகவே பார்க்க வேண்டும் என்று முடிவு செய்கிறோம். பார்ப்பது என்றால் என்ன? அதுவும் நாம் நினைப்பது போல எளிது அன்று.

சாதாரணக் காரில் எண்ணெய் அளவு பார்க்கும் முறை பலருக்கும் தெரியும். வண்டியைச் சமதரையில் நிறுத்த வேண்டும். என்ஜினை அணைத்துவிட்டுச் சில நிமிஷங்கள் பொறுத்திருக்க வேண்டும். மேலே ஏறிய எண்ணெய் கீழே வடிந்து சேருவதற்கு அந்த நேரம் வேண்டும். பிறகு, டிப் ஸ்டிக் என்று மெக்கானிக்குகள் சொல்லும் கோலை உருவ வேண்டும். உருவியதும் அளவு பார்க்கக் கூடாது. துணியால் துடைத்துவிட்டு, மறுபடியும் அடிவரையில் செருகி, மறுபடியும் உருவிப் பார்க்க வேண்டும். முதல் முறை உருவும்போது கோலில் ஒட்டியிருப்பது அளவு அன்று. ஓட்டத்தில் தெறித்த தெறிப்பு. துடைத்த பிறகு தெரிவதே உண்மை.

மனிதர்களிடமும் முதல் பதில் பெரும்பாலும் தெறிப்புத்தான். "நன்றாக இருக்கிறேன்" என்பது தெறிப்பு. "எனக்கு ஒரு குறையும் இல்லை" என்பது தெறிப்பு. கேட்டவன் அதைத் துடைத்துவிட்டு இரண்டாம் முறை கேட்க வேண்டும். நம்மை நாமே கேட்டுக்கொள்ளும்போதும் அப்படியே. நமக்கு அந்த இரண்டாவது கேள்விக்குப் பொறுமை இல்லை. முதல் பதில் சௌகரியமாக இருந்துவிட்டால், கோலை அப்படியே செருகிவிட்டுப் போய்விடுகிறோம்.

இந்த முறையைக் கற்றுக்கொண்ட ஒருவன், பழைய 911 ஒன்றை வாங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலையில் எழுந்து, ஓடாமல் குளிர்ந்து நிற்கும் என்ஜினில் கோலை உருவுகிறான், துடைக்கிறான், செருகி உருவுகிறான். கோலில் ஒரு சொட்டும் இல்லை. திடுக்கிட்டுப் போகிறான். கடைக்கு ஓடி, நல்ல எண்ணெயாக வாங்கி வந்து இரண்டு லிட்டர் ஊற்றுகிறான். கடமையைச் செய்த திருப்தியோடு வண்டியை எடுக்கிறான். என்ஜின் சூடேறியதும் பின்னால் நீலப் புகை கிளம்புகிறது. மிகுதியான எண்ணெய் மூச்சுக்குழாய் வழியாக ஏறி, காற்று வடிகட்டி இருக்கும் பெட்டிக்குள் புகுந்து, எரிந்துகொண்டிருக்கிறது. அவன் செய்த உபகாரமே உபத்திரவமாயிற்று.

எங்கே தவறு? அந்த என்ஜினின் இயல்பு வேறு. சாதாரண என்ஜினில் எண்ணெய் அடித்தொட்டியிலேயே தங்கும். வளைவுகளில் எண்ணெய் ஒதுங்கும் ஆபத்து அந்த அமைப்புக்கு உண்டு என்று பார்த்தோம். அதைத் தவிர்ப்பதற்காகவே 911-இல் எண்ணெய்க்குத் தனித் தொட்டி வைத்தார்கள். ஒரு பம்பு தொட்டியிலிருந்து எண்ணெயை என்ஜினுக்கு அனுப்புகிறது. இன்னொரு பம்பு என்ஜினின் அடியில் விழும் எண்ணெயை உடனுக்குடன் இறைத்துத் தொட்டிக்குத் திருப்பி அனுப்புகிறது. கோல் இருப்பது தொட்டியில். வண்டி பல மணி நேரம் நின்றுவிட்டால், தொட்டி எண்ணெய் மெல்லக் கசிந்து என்ஜினுக்குள் இறங்கிவிடும். அப்போது பார்த்தால் தொட்டி வெறுமையாகத் தோன்றும். எண்ணெய் எங்கும் போய்விடவில்லை, இடம் மாறியிருக்கிறது. ஆகையால் இந்த வண்டியில், நன்றாக ஓட்டி என்ஜின் முழுச்சூடு ஏறிய பிறகு, சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைக்காமல் மெல்ல ஓடவிட்டுக்கொண்டே அளவு பார்க்க வேண்டும். மற்ற வண்டிகளுக்குச் சொல்லும் விதி இங்கே தலைகீழ்.

இந்த வண்டியின் முகப்பில் எண்ணெய் அளவைக் காட்டும் முள்ளும் பல ஆண்டுகள் இருந்தது. அதையும் இதே நிலையில்தான் நம்ப வேண்டும். வேகமாகப் போகும்போது அந்த முள் கீழே இறங்கிப் படுத்துவிடும். புதிதாக ஓட்டுகிறவன் அதைக் கண்டு அஞ்சுவான். எண்ணெய் குறைந்துவிட்டது என்று பொருள் அன்று; தொட்டியை விட்டு வேலைக்குப் போயிருக்கிறது என்று பொருள்.

இங்கே நான் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. கவனிப்பது என்றால் நல்லெண்ணம் மட்டும் போதாது. எதைக் கவனிக்கிறோமோ அதன் இயல்பை அறிந்திருக்க வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். பார்க்கிறவர்கள், "பாவம், ஒடுங்கிப்போய்விட்டார்" என்கிறார்கள். இரக்கத்தோடு அவர் கையிலிருந்த வேலைகளையும் வாங்கிக்கொள்கிறார்கள். நடக்காதீர்கள், படிக்காதீர்கள், வெளியே போகாதீர்கள் என்கிறார்கள். நாலு பிள்ளைகளை அவர் முன் உட்கார வைத்து ஒரு கணக்கைக் கொடுத்துப் பார்த்தால் தெரியும், அவரிடம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று. சிலருடைய உண்மையான அளவு ஓய்வில் தெரியும்; சிலருடையது உழைப்பில்தான் தெரியும். இந்த வேற்றுமை அறியாமல் ஊற்றுகிற இரக்கம் மூச்சை அடைத்துவிடும்.

அந்தக் கோலில் இரண்டு கோடுகள் உண்டு. கீழ்க்கோட்டுக்குக் கீழே போகக் கூடாது. மேல்கோட்டுக்கு மேலே ஏறக் கூடாது. குறைவின் தீமை எல்லோருக்கும் தெரியும். மிகுதியும் தீமையே. சாதாரண என்ஜினில் எண்ணெய் மிகுந்துவிட்டால், சுழலும் தண்டு அதில் அடித்து நுரையாக்கிவிடும். நுரையில் காற்று கலந்திருக்கிறது. காற்றுக்குப் பாரம் தாங்கும் வலிமை இல்லை. ஊற்றுவது சுலபம், குறைப்பது கடினம். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் பொறுத்திருந்து பார்க்க வேண்டும் என்பார்கள்.

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் அறத்தை நடுநிலையில் வைத்தார். ஆனால் அந்த நடு எல்லோருக்கும் ஒன்று அன்று என்றும் சொன்னார். மைலோ என்ற பெரிய மல்லனுக்குப் போதாத உணவு, புதிதாகப் பயிற்சிக்கு வந்தவனுக்கு மிகுதியாகிவிடும் என்பது அவர் காட்டிய உதாரணம். கோலில் ஒரே கோடு போடாமல் இரண்டு கோடுகள் போட்டவர்கள் அந்த உண்மையைத் தெரிந்துதான் போட்டார்களோ என்னவோ! இரண்டுக்கும் நடுவில் எங்கே இருந்தாலும் சரி. அறமும் ஊசிமுனை போன்ற ஒரு புள்ளி அன்று. கால் வைத்து நிற்க இடம் உள்ள ஒரு பரப்பு. ஆனால் அந்தப் பரப்புக்கு இரண்டு பக்கமும் விளிம்பு உண்டு.

இன்னொரு கேள்வி எழுகிறது. நல்ல என்ஜினில் எண்ணெய் ஏன் குறைய வேண்டும்? குறைந்தால் அது பழுது அல்லவா?

எப்போதும் அப்படி இல்லை. காற்றால் குளிரும் பழைய என்ஜின்கள் கொஞ்சம் எண்ணெயை எரித்துக்கொண்டுதான் ஓடின. ஜப்பானில் ஹிரோஷிமாவைச் சேர்ந்த மாஸ்டா கம்பெனியின் சுழல் என்ஜினில் இது இன்னும் தெளிவு. அதில் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன் கிடையாது. முக்கோண வடிவமான ஓர் உருளை சுற்றுகிறது. அதன் மூன்று முனைகளிலும் உள்ள அடைப்புகள் தேயாமல் இருக்க, எரியும் அறைக்குள்ளேயே எண்ணெயைச் சிறிது சிறிதாகச் செலுத்துகிறார்கள். அந்த எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துபோகிறது. திரும்பி வருவதில்லை. 1967-இல் வந்த காஸ்மோ முதல் 2012-இல் நின்றுபோன ஆர்.எக்ஸ்.-8 வரையில் இந்த வகைக் கார்கள் இப்படி எண்ணெய் குடித்தே ஓடின. 1991-இல் பிரான்சில் நடந்த லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றதும் இந்தக் குலத்தைச் சேர்ந்த வண்டிதான். ஜப்பானியக் கார் ஒன்று அங்கே வென்றது அதுவே முதல் முறை.

குறைவது குற்றம் அன்று. கொடுப்பதற்கென்றே பிறந்தது கொடுத்துத் தீர்கிறது. தீர்வதை அறிந்து நிரப்பாமல் இருப்பதுதான் குற்றம். அனுபவமுள்ள வண்டிக்காரர்கள் சிறு நோட்டு ஒன்று வைத்திருப்பார்கள். எத்தனை மைலுக்கு எவ்வளவு ஊற்றினோம் என்று எழுதி வைப்பார்கள். வழக்கமாகக் குறைவது குறைந்தால் கவலையில்லை. வழக்கத்துக்கு மாறாகக் குறைந்தால் அது செய்தி. வழக்கத்தை அறியாதவனுக்கு எதுவும் செய்தியாகாது. ஒரு நாள் எல்லாம் சேர்ந்து விபத்தாக வந்து நிற்கும். பழகிய மனிதர்களின் முகவாட்டம் நமக்குத் தெரியாமல் போவதும் இதனால்தான். அவர்கள் வாடாத நாளில் எப்படி இருந்தார்கள் என்பதை நாம் பார்த்து வைத்திருக்கவில்லை.

இந்தப் பார்வையைச் சுலபமாக்க முடியாதா என்று மனிதன் முயன்றுகொண்டே இருக்கிறான். 1972-ஆம் ஆண்டு 911-இல், எண்ணெய் ஊற்றும் வாயை வண்டியின் வலப்பக்கத்தில், கதவுக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே, வெளியில் ஒரு மூடி போட்டு வைத்தார்கள். பெட்ரோல் பங்க் ஊழியர்கள் சிலர் அதைப் பெட்ரோல் மூடி என்று எண்ணி, எண்ணெய்த் தொட்டிக்குள் பெட்ரோலை ஊற்றிவிட்டார்கள் என்று சொல்வதுண்டு. அடுத்த ஆண்டு வண்டியில் அந்த மூடி இல்லை. மூடியைச் சுலபமாகத் திறக்க வைத்தார்கள். திறப்பவனின் கவனத்தை அதனோடு சேர்த்து வைக்க முடியவில்லை.

பிறகு இன்னும் பெரிய மாறுதல் வந்தது. 2004-இல் வெளிவந்த 911 தலைமுறையில் கோலையே எடுத்துவிட்டார்கள். உள்ளே இருக்கும் கருவி அளந்து, முகப்பில் உள்ள திரையில் காட்டுகிறது. வேறு கம்பெனிகளின் கார்கள் பலவற்றிலும் இப்படியே ஆகிவிட்டது. "இனி உங்கள் கட்டுரைக்கு வேலை இல்லை. கருவியே பார்த்துக்கொள்கிறது" என்று என்னிடம் சொல்லலாம்.

கருவியை நான் பழிக்க மாட்டேன். இருட்டிலும் மழையிலும் சலிக்காமல் அளக்கும். பலருடைய என்ஜின்களை அது காப்பாற்றியிருக்கும். கையில் எண்ணெய்க் கறை படுவதில் தனிப் புண்ணியம் ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு விஷயங்களை மறந்துவிடக் கூடாது. கருவியும் கேட்டால்தான் சொல்லும். அதற்கும் சமதரை வேண்டும்; அதற்குரிய சூடும் நேரமும் வேண்டும்; திரையில் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் மனிதன் வேண்டும். கடமை ஒழிந்துபோகவில்லை, கையை விட்டு மனத்துக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது இன்னும் முக்கியம். கருவி நாம் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். கோலை உருவிப் பார்த்தவன் கேளாத கேள்விகளுக்கும் பதில் பெற்றான். எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பெட்ரோல் வாடை அடித்தால் எரியாத பெட்ரோல் உள்ளே இறங்குகிறது. விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்க்கும்போது பொடி மின்னினால் எங்கோ உலோகம் தேய்கிறது. பானெட்டைத் திறந்த சாக்கில், வெடித்த ரப்பர்க் குழாயும் தளர்ந்த பெல்ட்டும் கண்ணில் படும். அளவு பார்க்கப் போனவன் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தான். தாயின் இரத்த அழுத்தத்தைக் கருவி வைத்து அளந்து, எண்ணை மகனுக்கு அனுப்பிவிடலாம். எண் சரியாகவே இருக்கும். அவள் இப்போதெல்லாம் கோலம் போடுவதை நிறுத்திவிட்டாள் என்பதை எந்த எண்ணும் அவனுக்குச் சொல்லாது.

இவ்வளவும் அவனவன் சொந்த விவகாரம். தன் என்ஜினைத் தான் கெடுத்துக்கொள்ள ஒருவனுக்கு உரிமை இல்லையா என்று கேட்பவர்களும் உண்டு. தனியாக ஒரு தீவில் ஓட்டினால் அந்த உரிமை இருக்கலாம். மோட்டார்ப் பந்தயங்களில் ஒரு விதி உண்டு. என்ஜினின் மூச்சுக்குழாய் வழியே வரும் எண்ணெய் தரையில் சிந்தாமல் இருக்க, அதைப் பிடித்து வைக்கும் கலம் ஒன்றை வண்டியில் பொருத்தியிருக்க வேண்டும். சிந்தியவனுக்காகச் செய்த விதி அன்று அது. அவன் போய்விடுவான். அவனுக்குப் பின்னால் அதே வளைவில் வருகிறவனுடைய சக்கரம்தான் வழுக்கும். வேகமாகப் போகும்போது என்ஜின் இறுகி நின்றுவிட்டாலும் அப்படியே; பின்னால் குடும்பத்தோடு வருகிறவனுக்கு அந்த வண்டியின் எண்ணெய்க் கணக்கு தெரியாது. கவனியாமை ஓரிடத்தில் பிறக்கிறது. வலி பெரும்பாலும் வேறிடத்தில் விழுகிறது. அதனால்தான் கவனியாதவனுக்குத் தன் குற்றம் தெரிவதில்லை.

ஆக, நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். எச்சரிக்கை வந்ததும் ஓடி வருகிறவன் பொறுப்புள்ளவன்தானா? அவனைப் பொறுப்பற்றவன் என்று நான் சொல்ல மாட்டேன். எச்சரிக்கை வந்தும் அசையாதவர்கள் நிறைந்த உலகத்தில் அவன் மேலானவன். ஆனால் அவனுடைய பொறுப்பை எழுப்பிவிடுவதற்கு ஓர் அபாயம் தேவைப்படுகிறது. அபாயம் இல்லாத நாளில் அவனிடம் அன்பு இல்லை என்று சொல்ல முடியாது. அன்புக்கு அன்று வேலை இல்லை என்று அவன் நினைக்கிறான். வேலை இருந்தது அந்த நாட்களில்தான். விளக்கு எரிந்த பிறகு செய்யக்கூடியது மிகக் கொஞ்சம். எரியுமுன் செய்யக்கூடியது எவ்வளவோ உண்டு. அதற்கு ஐந்து நிமிஷமும் ஒரு பழந்துணியும் போதும்.

இதற்குப் புகழ் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓட்டத்தைப் புகழ ஆள் உண்டு. வண்டியின் அழகைப் புகழ ஆள் உண்டு. சரியான நேரத்தில் அரை லிட்டர் எண்ணெய் விட்டவனைப் பாராட்ட ஒருவரும் வர மாட்டார்கள். அவன் தடுத்த விபத்து நடக்கவில்லை; நடக்காததற்குச் சாட்சியும் இல்லை. தான் செய்தது பயன்பட்டதா என்பது அவனுக்கே ஒருபோதும் தெரியப் போவதில்லை. தெரியாமலே அடுத்த வாரமும் கோலை உருவித் துடைக்கிறானே, அந்தக் காரியத்தைத்தான் நான் பொறுப்பு என்று சொல்லுவேன்.